துப்பறியும் தொடரும் ஒப்புதல் வாக்குமூலமும்

(மூலனூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொலைக்காட்சியில் ஓடும் ஒரு குற்றக் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் கண்டபோது, இதற்கு ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி மூட்டையை ஏலத்துக்கு வைத்துவிட்டு வீடு திரும்பிய குடியானவரும், முருங்கைக் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு இளைப்பாறும் குடும்பத்தாரும், விடியுமுன் கம்பெனி வண்டி ஏறிப் பனியன் தைக்கப் போய் இருட்டியபின் வந்து சேரும் பெண்களும், சாப்பிட்ட கையை அலம்பிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பவை இக்காலத்தில் பெரும்பாலும் இத்தகைய தொடர்களே. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டு, வீரம் இன்னது, வஞ்சகம் இன்னது என்று நம் பாட்டன்மார் தெரிந்துகொண்ட இந்தக் கொங்கு நாட்டில், குற்றம் இன்னது, விசாரணை இன்னது, நீதி இன்னது என்பதை நம் பிள்ளைகள் இப்பொழுது இத்தொடர்களிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். சட்டப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் நம்மில் மிகச் சிலர்; விசாரணைக் காட்சியை ஒரு முறையேனும் திரையில் பாராதவர் ஒருவருமில்லை. ஆகையால் அக்காட்சி நமக்கு எதைக் கற்பிக்கிறது என்று பரிசீலிப்பது வீண் பொழுதுபோக்கு ஆகாது.

தமிழில் அண்மைக் காலத்தில் வந்த குற்றத் தொடர்களுள் கவனித்துப் பார்க்கத் தக்கதாக நான் கருதுவது ‘சுழல்’. புஷ்கர், காயத்ரி என்னும் இருவர் எழுதி உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய இத்தொடர் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் எட்டு அத்தியாயங்களாக வெளிவந்தது. சாம்பலூர் என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊருக்குப் பிழைப்பு தரும் ஒரு சிமெண்ட் ஆலை. மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் நேரம். முதல் அத்தியாயத்தில், தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றியிருக்கும் நிலையில், ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் நிலா என்னும் பெண் காணாமற் போகிறாள். தொழிற்சங்கத்தை நடத்துபவர் சண்முகம். பார்த்திபன் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். ஆலை எரிந்தது என்றவுடன், இவரைத் தவிர வேறு யார் செய்திருக்கக்கூடும் என்ற எண்ணம் காவல் ஆய்வாளர் ரெஜினாவின் உள்ளத்தில் எழுவதற்கு முன்பே, பார்த்துக்கொண்டிருக்கும் நம் உள்ளத்தில் எழுந்துவிடுகிறது.

அந்த இடத்தில் கதாசிரியர்கள் செய்திருப்பது மிகுந்த சாமர்த்தியம் வாய்ந்த காரியம். நாம் எந்த மனிதர்மீது பழியைச் சுமத்தினோமோ, அதே மனிதர்தான் அன்றிரவு காணாமற்போன பெண்ணின் தகப்பனார். சந்தேகத்துக்கு உள்ளானவரே புகார் கொடுக்க வேண்டியவராகவும் ஆகிறபோது, அவரைப் பற்றி நாம் அவசரமாகச் செய்து வைத்த முடிவு நம் கண்ணெதிரிலேயே ஆட்டம் காண்கிறது. அதன் பின்னரும் ஒவ்வோர் அத்தியாயத்திலும் சந்தேகம் ஒருவரை விட்டு மற்றொருவரைப் பற்றிக்கொண்டே போகிறது; இவர்தான், இவரேதான் என்று ஒவ்வொரு முறையும் நாம் நிச்சயமாக நம்புகிறோம்; ஒவ்வொரு முறையும் பிழைபடுகிறோம். குற்றக் கதை ஒன்று பார்ப்பவருக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுவே என்பது என் அபிப்பிராயம்: முதலில் தோன்றிய சந்தேகம் எத்தனை உறுதியாக இருந்தாலும் அது வெறும் சந்தேகமே என்பதை, புத்திமதியாகச் சொல்லாமல் அனுபவமாகவே உணர்த்திவிடுவது.

இவ்வளவு உயர்வாகச் சொல்லும் நான் அதன் குறையையும் மறைக்க விரும்பவில்லை. அந்த முதற் பருவத்தின் இறுதியில் குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனை நீதிமன்றத்திலிருந்து வருவதில்லை. அது ஒரு பாதிக்கப்பட்ட பெண்ணின் கைத் துப்பாக்கியிலிருந்து வருகிறது, அதைக் கண்டு நம் மனமும் சமாதானம் அடைகிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவத்தில் அந்தப் பெண் நந்தினி அதே கொலைக்காகச் சிறையில் இருந்துகொண்டு வழக்கை எதிர்நோக்குகிறாள். கைதட்டி அனுப்பிய நம்மைக் கதை மறுபடியும் கூப்பிட்டு, சட்டத்தின் எதிரில் நிறுத்துகிறது. இந்த நேர்மைக்காக அக்குறையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

நான் பொறுத்துக்கொள்ள இயலாத காட்சி வேறொன்று இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட தொடருக்கு மட்டும் சொந்தமானதன்று. தினந்தோறும் ஏதேனும் ஓர் அலைவரிசையில் அதைக் காணலாம். ஓர் இருட்டறை, உச்சியில் ஒற்றை விளக்கு, நாற்காலியோடு கட்டப்பட்ட ஒரு மனிதன், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உள்ளே வரும் அதிகாரி. கன்னத்தில் விழும் முதல் அறையில் அவன் மறுக்கிறான். இரண்டாவது அறையில் அழுகிறான். மூன்றாவதில், “சொல்லிடறேன் சார், நான்தான் பண்ணினேன்” என்கிறான். வாத்தியங்கள் ஓங்கி ஒலிக்கின்றன, அதிகாரி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடக்கிறார், வழக்கு முடிந்துவிடுகிறது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும், “அடிச்சாத்தான் உண்மை வரும்” என்ற ஒரு நம்பிக்கையைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு தூங்கப் போகிறது.

அன்பர்களே, திரையில் வழக்கு முடிந்துபோகிற அதே இடத்தில் சட்டத்தின் கண்ணுக்கு வழக்கு தொடங்கவேயில்லை. காவல்துறை அதிகாரி ஒருவரிடம் செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் தன் 23ஆம் பிரிவில் அந்த விதியை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. காவலில் உள்ள ஒருவன், “கத்தியை இன்ன கிணற்றில் போட்டேன்” என்று சொல்லி, அந்தக் கிணற்றில் கத்தி கிடைத்ததானால், கத்தி கிடைத்த செய்தியோடு நேரே சம்பந்தப்பட்ட வார்த்தைகள் மட்டும் சாட்சியமாகும். “அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்” என்று அவன் சேர்த்துச் சொன்னது சாட்சியமாகாது. ஒருவன் மனமுவந்து ஒப்புக்கொள்ள விரும்பினால் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் ஒப்புக்கொள்ளலாம். அதிலும், நீ சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே பயன்படக்கூடும் என்று அவனுக்கு விளக்கிச் சொன்ன பிறகே எழுதிக்கொள்ள வேண்டும். ஊசி மருந்து ஏற்றி உண்மையைக் கறப்பதாகச் சில தொடர்கள் காட்டும் காட்சியும் அத்தகையதே: ஒருவனுடைய சம்மதமின்றி அச்சோதனையைச் செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று செல்வி வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இந்தக் கண்டிப்பு சீமையிலிருந்து வந்த கனவான்களின் இரக்கத்தால் நமக்குக் கிடைத்த தானம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் பின்னே நம் நாட்டுக் குடியானவர்களின் கண்ணீர் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், நிலவரியை வசூலிப்பதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடப்பதாக எழுந்த முறையீடுகளை விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டு, அது 1855இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் அங்கத்தினர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முறையிட்டார்கள். அக்காலத்துச் சாலைகளை எண்ணிப் பார்த்தால், நேரில் போய்ச் சொல்வதற்காகப் பல நாள் நடந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். இரண்டு கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி. கழுத்தையும் கால் விரலையும் ஒரே கயிற்றில் பிணைத்து, குனிந்த நிலையிலேயே ஒரு மனிதனை வெயிலில் நிறுத்திவைக்கும் அண்ணாந்தாள். இவை அந்த ஆங்கில அறிக்கையிலும் நம் மொழிச் சொற்களாகவே இடம் பெற்றிருக்கின்றன. நம் மூலனூர் இருக்கும் தாராபுரம் வட்டாரம் அன்று கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அதுவும் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியே. அந்த அறிக்கை உண்டாக்கிய கலக்கமும் சேர்ந்துதான் 1859இல் சென்னைப் போலீஸைத் திருத்தி அமைக்கும் சட்டத்துக்கும், காவலரிடம் கூறிய ஒப்புதல் செல்லாது என்று 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதப்பட்ட விதிக்கும் வழி திறந்தது. பதினொரு ஆண்டு கழித்து அந்த விதியே சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாயிற்று. ஆகவே அது நம் முன்னோர் நமக்குச் சம்பாதித்து வைத்துப்போன சொத்து. திரையில் அதை மூன்று அறைகளில் செலவழித்துவிடுவதை நான் எப்படிச் சகிப்பேன்?

அடிக்காமல் எப்படி ஐயா கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அதற்கு விடையாக, எந்தத் தொடரும் தோற்கும்படியான ஒரு மெய்யான வழக்கைச் சொல்கிறேன், பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

1952 ஆகஸ்டு மாதக் கடைசி. சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட் மெயிலில், ஒரு பெட்டியில் பிரயாணம் செய்தவர்கள் பொறுக்கமுடியாத துர்நாற்றத்தைப் பற்றி முறையிட்டார்கள். மானாமதுரையில் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறக்கப்பட்டது. திறந்து பார்த்தால், உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் சடலம். பெயரில்லை, ஊரில்லை, முகமும் இல்லை. அதே சமயத்தில், சென்னையில் சைனா பஜார் சாலையில் ஜெம் அண்டு கம்பெனியின் முகப்பில் பேனா வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் என்பவரை, ஆகஸ்டு 28 முதல் காணோம் என்று அவர் மனைவி தேடிக்கொண்டிருந்தார். சில நாள்களில் இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை ஒதுங்கியது. இராயபுரத்துத் தலையும் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடைத்த உடலும் ஒரே மனிதனுடையவை என்பதையும், அந்த மனிதர் ஆளவந்தார்தான் என்பதையும் நீதிமன்றம் ஏற்கும்படி நிலைநாட்டுவது எப்படி?

சென்னை மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் அந்த வேலையைச் செய்தார். மானாமதுரைப் பக்கத்தில் முதலில் பரிசோதித்தவர்கள் சடலத்தின் வயதை மிகக் குறைவாக மதிப்பிட்டு, வேறு யாரோ என்று கருதிவிட்டிருந்தார்கள். அவரோ எலும்பைப் பார்த்து நாற்பதைக் கடந்த மனிதர் என்று திருத்தினார். காது குத்தியிருந்த விதத்தையும், பல் வரிசையில் ஒரு பல் மற்றொன்றின்மீது ஏறியிருந்ததையும் குறித்துவைத்தார். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவராகையால் அவருடைய விரல் ரேகை ராணுவப் பதிவேட்டில் இருந்தது. சடலத்தின் விரல்களில் எடுத்த ரேகை அதனோடு பொருந்தியது. விரல் ரேகைக்கென்று ஓர் அலுவலகம் கல்கத்தாவில் 1897இலேயே ஏற்பட்டுவிட்டது என்பதையும், அந்த ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அஜீஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் நம் நாட்டவர் இருவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலோ அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1849இல், விஷத்தைப் பரிசோதிக்கும் ரசாயனப் பரிசோதகரின் கூடம் தொடங்கியிருந்தது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வழித்தோன்றலே.

ஆளவந்தாரைக் கொன்றதாகப் பிரபாகர மேனன், அவர் மனைவி தேவகி ஆகிய இருவர்மீதும் வழக்கு நடந்தது. 1953இல் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் ஜூரிகளின் துணையோடு அதை விசாரித்தார். மேனனுக்கு ஏழு ஆண்டும் தேவகிக்கு மூன்று ஆண்டும் சிறைத் தண்டனை கிடைத்தன. இறந்தவர் அந்தப் பெண்ணுக்கு இழைத்த உபத்திரவத்தையும் நீதிமன்றம் சீர்தூக்கிப் பார்த்ததால்தான் தூக்குத் தண்டனைக்குப் போகவேண்டிய வழக்கு அவ்வளவில் நின்றது. கவனியுங்கள்: செத்தவர் யார் என்பதற்கு ஒரு பல்லும் ஒரு ரேகையும் பதில் சொல்லின, தண்டனை எவ்வளவு என்பதற்கு இரு தரப்பையும் கேட்ட பொறுமை பதில் சொல்லிற்று. இவ்விரண்டில் எதையும் லத்தியினால் பெற்றிருக்க முடியாது.

லத்தியினால் பெறப்படுவது என்ன என்பதற்கும் நம் கொங்கு நாட்டவர் ஒருவரே சாட்சி. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த மு. சந்திரகுமார், இளம் பருவத்தில் வேலை தேடி ஆந்திரத்துக் குண்டூருக்குப் போயிருந்தபோது, 1983இல், தாம் செய்யாத ஒரு திருட்டுக்காகத் தோழர்களோடு பிடிக்கப்பட்டார். ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று நாள் கணக்கில் அடித்தார்கள். பின்னர் மாதக் கணக்கில் சிறையிலும் கிடந்தார். அந்த அனுபவத்தை அவர் ‘லாக்கப்’ என்னும் நூலாக எழுதினார்; வெற்றிமாறன் அதை மூலமாகக் கொண்டு ‘விசாரணை’ என்னும் படத்தை எடுத்தார்; 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டு, ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை தரும் விருதையும் பெற்றது. திரைக்கலை நினைத்தால் அடிப்பவன் பக்கத்திலிருந்து காமிராவை எடுத்து அடிபடுகிறவன் பக்கத்தில் வைக்கவும் முடியும் என்பதற்கு அப்படமே பிரத்தியட்சப் பிரமாணம். அதற்குப் பிறகும் 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும், ஊரடங்கு வேளையில் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற காரணத்துக்காகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். உண்மையைச் சொல்ல முன்வந்தவரும் அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர்தான் என்பதையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காவல் துறையில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கதையைத் தொடர் எடுப்பவர்கள் இன்னும் அதிகம் எழுதவில்லை.

இதை நான் மூலனூரில் வந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குண்டூரில் சந்திரகுமாருக்கு நேர்ந்ததை அயலூரில் நேர்ந்த அநியாயமாக எண்ணி நாம் வருந்துகிறோம். இன்று திருப்பூரைச் சுற்றிலும், பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலை விடுதிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. நம் ஊரில் அவர்களுக்கு அத்தையுமில்லை, மாமனுமில்லை. ஒரு கைபேசி காணாமற் போனால், ஒரு வீட்டின் பூட்டு உடைந்தால், முதல் சந்தேகம் யார்மீது விழுகிறது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள். அன்று குண்டூரில் தமிழன் நின்ற இடத்தில் இன்று இங்கே அந்தப் பிள்ளை நிற்கிறான். ‘சுழல்’ தொடரின் முதல் அத்தியாயத்தில் நாம் சண்முகத்தின்மீது சுமத்திய பழி திரை அணைந்ததும் போய்விடும். இவன்மீது சுமத்துவது போகாது.

ஆகையால் சில விஷயங்களை மனனம் செய்துகொள்ளும்படி வேண்டுகிறேன். கைது செய்யப்படும் எவருக்கும், கைதான நேரமும் தேதியும் எழுதிய குறிப்பு ஒன்றைக் காவலர் தயாரிக்க வேண்டும். குடும்பத்தவர் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும்: இவை டி. கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆம் ஷரத்து. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் காமிரா இருக்க வேண்டும் என்பதும் 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவே. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். தாராபுரம் நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவையும் நேரில் அணுகலாம்.

பெற்றோர்களே, இன்றிரவு தொடர் பார்க்கும்போது அந்த இருட்டறைக் காட்சி வந்தால், அதை நிறுத்த வேண்டாம். பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம், “இப்படி வாங்கினது கோர்ட்டில் செல்லாது, கண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள். கம்பெனி முதலாளிகளே, மேலாளர்களே, உங்கள் விடுதிப் பிள்ளை ஒருவனைச் சந்தேகத்தின் பேரில் அழைத்துப்போனார்கள் என்று கேள்விப்பட்டால், அவனுடைய மொழி தெரிந்த ஒருவரையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே நிலையத்துக்குப் போய், கைதுக் குறிப்பைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள்.